உருகும் பனிக்கட்டியே காக்கும் பனிக்கட்டி

(தோட்ட மண்டபம் ஒன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பனிக்கட்டி. பேச்சு வழக்கில் நாம் 'ஐஸ்' என்று சொல்லும் அதே பொருள்தான். இதற்கும் ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணக்கூடும். மீன் வாங்கும் ஒவ்வொரு குடும்பத்தின் பணமும் உடல்நலமும் இதில் அடங்கியிருக்கின்றன.

இதோ, இந்த மேசைமீது ஒரு கண்ணாடிக் குவளை இருக்கிறது. விளிம்புவரை தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அதில் ஒரு பனிக்கட்டி மிதக்கிறது. அதன் தலை தண்ணீருக்கு மேலே தெரிகிறது. இது உருகினால் தண்ணீர் வழியுமா, வழியாதா? மாணவர்கள் சிந்தித்துக்கொண்டிருக்கட்டும். உரையின் முடிவில் பார்ப்போம்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் நடந்த ஒன்றை முதலில் கூறுகிறேன். ஒரு நாள் காலையில் பனிக்கட்டி உருகுவதைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தினேன். நண்பகலில் கெம்போங் மீனை ஐஸோடு வாங்கி, வீட்டில் ஒரு பாத்திரத்தில் வைத்தேன். சிறிது நேரத்தில் ஐஸ் உருகிவிட்டது. 'தண்ணீர் இன்னும் சில்லென்றுதானே இருக்கிறது' என்று அப்படியே விட்டுவிட்டேன். இரவில்தான் குழம்பு வைத்தோம். உண்ட சிறிது நேரத்தில் என் இளைய மகனுக்கு முகம் சிவந்தது, உடலெங்கும் அரிப்பு, தலைவலி. மருந்தகத்திற்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்லவேளையாக மறுநாள் தேறிவிட்டான். கெம்போங், சூரை போன்ற மீன்கள் போதிய குளிரின்றிக் கிடந்தால், நுண்ணுயிர்களால் அவற்றில் 'ஹிஸ்டமின்' என்னும் பொருள் உண்டாகும் என்றும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது என்றும் மருத்துவர் விளக்கினார். மீனில் கெட்ட வாடை எதுவும் இருக்கவில்லை. காலையில் நான் சொன்ன பாடத்தை நண்பகலில் நானே மறந்துவிட்டேன்!

அந்தப் பாடம் இதுதான். பனிக்கட்டியைப் பற்றி மூன்று உண்மைகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, எடை. ஒரு கிலோ தண்ணீர் உறைந்தால் ஒரு கிலோ பனிக்கட்டி. அது உருகினால் மீண்டும் ஒரு கிலோ தண்ணீர். கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆகவே, மீனோடு சேர்ந்து தராசில் ஏறும் ஐஸுக்கும் நாம் பணம் கொடுக்கிறோம். ஒரு கிலோ என்று நிறுத்ததில் 200 கிராம் ஐஸ் இருந்தால், நமக்குக் கிடைப்பது 800 கிராம் மீன்தான். ஐஸைத் தட்டிவிட்டு நிறுக்கும்படி கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது, கன அளவு. பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீரோ விரியும். ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 1.09 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். எடை மாறாமல் உருவம் பெருப்பதனால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. கண்ணாடிப் போத்தலில் தண்ணீரை நிரப்பி, இறுக மூடி, உறையவைக்கும் பெட்டியில் வைத்தால் போத்தல் வெடிப்பதும் இதனால்தான். தாய்மார்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, வெப்பம். இதுவே மிக முக்கியமானது. உருகும் பனிக்கட்டியில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். கடைசித் துண்டு உருகும்வரை அது சுழியம் டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். உள்ளே புகும் வெப்பம் எங்கே போகிறது? கட்டியை நீராக்கும் வேலையில் மறைந்துவிடுகிறது. இதற்கு 'மறைவெப்பம்' என்று பெயர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்னும் அறிஞர் 1760-களின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்து நிறுவினார்.

ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் போதும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கோ 334 கிலோஜூல் வேண்டும். இஃது ஏறத்தாழ 80 மடங்கு! 30 டிகிரியிலுள்ள ஒரு கிலோ மீனைச் சுழியம் டிகிரித் தண்ணீர் ஒரு கிலோவில் போட்டால், இரண்டும் ஏறத்தாழ 14 டிகிரியில் வந்து நிற்கும். அது மீனைக் காக்கும் குளிர் அன்று. அதே ஒரு கிலோ பனிக்கட்டியாக இருந்தால், மீனைச் சுழியத்தின் அருகே கொண்டுவந்த பின்னரும் கட்டி மிச்சமிருக்கும். ஐஸ் தீர்ந்துபோன குளிர்நீர், காவலாளி போன பின் கிடக்கும் காலிக் கொட்டகைதான்.

ஆகவே, மீனுக்கு அடியிலும் இடையிலும் மேலும் நொறுக்கிய ஐஸை இட்டு மூடுங்கள். நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நல்ல கணக்கு. உருகிய நீர் வடிய வழி செய்யுங்கள். ஐஸ் முழுவதும் தீருமுன் மேலும் சேர்த்துவிடுங்கள். மீனுக்கு இட்ட ஐஸைப் பானத்தில் போடவேண்டாம். உறைவதனால் கிருமிகள் எல்லாம் மடிந்துவிடுவதில்லை.

இப்போது குவளையைப் பாருங்கள். பனிக்கட்டி உருகிவிட்டது. ஒரு சொட்டும் வழியவில்லை. வெளிப்புறத்தில் முத்து முத்தாக இருப்பது காற்றிலுள்ள ஈரம் படிந்ததே. மிதந்த கட்டி தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கியிருந்தது. உருகிய பின் அந்த இடத்தையே சரியாக நிரப்பிவிட்டது. வழியாது என்று நினைத்த பிள்ளைகளுக்கு என் பாராட்டு!

அடுத்த முறை மீன் வாங்கும்போது, குளிர்ந்த தண்ணீரை நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் பனிக்கட்டியை நம்புங்கள். என் வீட்டில் நேர்ந்தது உங்கள் வீட்டில் நேரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.