எருக்கம் பூச்சியும் களத்துக் கடலையும்

(காடாம்புலியூரில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பலாவும் முந்திரியும் நிலக்கடலையும் விளையும் உங்கள் செம்மண் நிலத்தின் வேலியோரமாக இன்று காலை நடந்து வந்தோம். வெடித்த எருக்கங்காய்களின்மேல் செந்நிறமும் கருநிறமும் கலந்த பூச்சிகள் மொய்த்திருந்தன. "கடலையைக் கெடுப்பவை இவைதாமே? மருந்தடித்துவிடலாமா?" என்று உடன் வந்த பெரியவர் வினவினார். அவ்வினாவுக்கு விடை கூறவே இங்கு நிற்கின்றோம்.

இவை நாவாய்ப்பூச்சி இனத்தவை. கடிக்கும் வாய் இவற்றுக்கு இல்லை. ஊசி போன்ற அலகை விதைக்குள் செலுத்தி, உமிழ்நீரால் பருப்பைக் கரைத்து உறிஞ்சும். எருக்கின் பாலிலும் விதையிலும் கார்டெனோலைடு என்னும் நஞ்சு உண்டு. உயிரணுக்களிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் புரதத்தை அது முடக்கி, இதயத்தைத் தாக்கும். இப்பூச்சிகளிடத்தில் அப்புரதமே சற்று மாறி அமைந்துள்ளது. ஆகவே நஞ்சு அவற்றைப் பற்றுவதில்லை. அம்மட்டோ? அந்நஞ்சைத் தம் உடலிலேயே சேமித்தும் வைத்துக்கொள்கின்றன! ஒருமுறை கொத்திக் கசப்பறிந்த பறவை, அச்செந்நிறத்தைக் கண்டால் மீண்டும் கொத்தத் தயங்கும். சூரியகாந்தி விதையை மட்டுமே ஊட்டி வளர்த்தாலோ, செந்நிறம் இருக்கும்; எருக்கின் நஞ்சு இராது. கவசம் செடி கொடுத்த இரவல்தான்.

எருக்கிலே வாழும் பூச்சிக்கு மருந்தடிப்பது வீண் செலவு. ஆயினும் இது முற்றிலும் சாது என்று சொல்லமாட்டோம். எள் வயலுக்கும் இது வருவதுண்டு. எள் காய்க்கும் பருவத்தில் கண்காணிப்பு வேண்டும்.

கடலையைக் கெடுப்பது இதன் உறவினமான வேறொரு நாவாய்ப்பூச்சி. கரும்பழுப்பு நிறம், ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளம். பிடுங்கிக் குவித்த கடலையிலும் உலர்களத்திலும் மூட்டைகளிலும் இது கூடும். இதன் இளங்குஞ்சின் வயிறு சிவப்பாயிருக்கும். பெரியவரின் ஐயத்திற்கு அதுவே காரணமாயிருக்கலாம். ஓட்டினூடே அலகைச் செலுத்துவதால் வெளியே பழுது எளிதில் தெரியாது. உள்ளே பருப்பு சுருங்கும். எண்ணெயில் கொழுப்பமிலம் மிகுந்து காறல் தட்டும். ஓராண்டுப் பாடு உலர்களத்தில் கிடக்கும் சில நாட்களிலேயே மதிப்பிழந்து போகிறது.

ஆதலின், பிடுங்கிய கடலையை வயலில் நெடுநாள் குவித்து வைக்காதீர்கள். காயைப் பறித்து, நன்கு உலர்த்தி, களத்தைவிட்டு விரைந்து அகற்றுங்கள். இப்பூச்சி மண்ணிலும் கடலைக்கொடியிலும் முட்டையிடும். எனவே கொடிப்போரைக் காய்க்குவியலுக்கு அருகில் போடலாகாது. சிதறிய காய்களைப் பெண்டிரும் சிறுவரும் பொறுக்கி எடுத்துவிடுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். அதுவும் இப்பூச்சிக்கு இரையில்லாமற் செய்கிறது. பழைய சாக்குகளை உதறி, வெயிலில் காயவைத்த பின்னரே கடலையைக் கட்டுங்கள்.