நோயாளி பேசி முடிக்கட்டும்

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ ஆலோசனைப் பிரிவில் சேவை செய்யும் டாக்டர்கள், தொண்டர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டாக்டர்கள் நிறைந்த சபையில் பேச எனக்கு என்ன யோக்யதை என்று செயலாளரிடம் கேட்டேன். "போன வருஷம் பூரா உங்க அத்திம்பேரை அழைச்சுண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கினேளே, அது போறாதா?" என்றார். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல் பார்த்தே காலம் கழித்தவன். வைத்தியம் தெரியாது. வைத்தியத்துக்கு முன்னால் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடக்கும் பேச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதிலும், குற்றவாளிகளில் ஒருவனாக நின்று சொல்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அத்திம்பேருக்கு எண்பது வயது நெருங்குகிறது. இருபது வருஷமாகச் சர்க்கரை, அதற்குக் கிளிமிபிரைட் மாத்திரை. கொஞ்சம் பி.பி.யும் உண்டு. தில்லியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், இந்தியில் என்னைவிடச் சரளம். ஒருநாள் விடிகாலை குளித்துவிட்டு வந்தவர் தலையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை. அக்கா காபியைக் கொடுத்ததும் பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. அன்று மாலை நான்தான் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர், "என்ன கம்ப்ளெயின்ட்?" என்றார். அத்திம்பேர் நிதானமாக ஆரம்பித்தார்: "நேத்திக்கு ஏகாதசி. நான் வழக்கம்போல…" அவ்வளவுதான். "எத்தனை நாளாக?" என்று டாக்டர் இடைமறித்தார். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், "அத்திம்பேர், டாக்டருக்கு டைம் இல்லை, விஷயத்தை மட்டும் சொல்லுங்கோ" என்றேன். சொன்னதோடு நிற்காமல், "தலைசுற்றல் டாக்டர், இன்னிக்குக் காலைலேர்ந்துதான்" என்று நானே பதிலும் சொல்லிவிட்டேன். பி.பி. பார்த்தார்கள், தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதினார்கள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம்.

சில வாரம் கழித்து மறுபடியும் வந்தது. இந்த முறை காது, மூக்கு, தொண்டை நிபுணர். அதற்கடுத்து மூளைக்கு எம்.ஆர்.ஐ., கழுத்து ரத்தக் குழாய்க்கு டாப்ளர், இருபத்துநாலு மணி நேரம் மார்பில் ஒட்டிவைக்கும் ஹோல்டர். எல்லா ரிப்போர்ட்டும் "வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது" என்று வந்தன. ஃபைல் தடித்துக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு விடிகாலை பாத்ரூமில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரி வார்டில் அன்றிரவு டியூட்டியில் இருந்தது ஒரு சின்னப் பெண், ஹரியானாக்காரர், டாக்டராகி ஒன்றிரண்டு வருஷம்தான் இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் வாயைத் திறந்தேன். "அங்கிள், ஒரு நிமிஷம், தாத்தாவே சொல்லட்டும்" என்று மரியாதையாக என்னை அடக்கிவிட்டு, "தாத்தா, விழுவதற்கு முந்தின நாள் காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்" என்றார். அத்திம்பேர் ஆரம்பித்தார்: ஏகாதசி, காலையில் மாத்திரையும் அரை டம்ளர் பாலும், பிறகு ஜலம் மட்டும், மறுநாள் துவாதசி, குளித்துவிட்டுப் பாரணைக்கு முன்னால் அன்றைய மாத்திரை. அவர் முடிக்கும் வரை அந்தப் பெண் பேசவில்லை. முடித்த பிறகு, "முன்பு வந்ததெல்லாம்?" என்று கேட்டார். அக்கா விரல்விட்டு எண்ணினாள். எல்லாம் துவாதசிக் காலை.

இங்கே இருக்கும் டாக்டர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வகை மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அதன் வேலை இன்னும் நீளும். வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை இறங்கும், வியர்க்கும், தலை சுற்றும். தான் செய்வதே சரி என்று அத்திம்பேர் நம்பினார். மாத்திரையை விட்டால்தானே டாக்டர் கோபித்துக்கொள்வார்?

"இத்தனை நாள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று அந்தப் பெண் கேட்டபோது, "முதல்லயே சொன்னேன், அது விஷயமில்லேன்னுட்டா" என்றார். யார் சொன்னது என்று என்னைப் பார்க்கக்கூட இல்லை. பெரிய மனசு. பிறகு தயங்கியபடி இன்னொன்றும் சொன்னார்: "விரதத்தை விடச் சொல்லிடுவேளோன்னு பயம்." ஐம்பது வருஷத்துக்கு மேலாக இருக்கும் விரதம் அது. அந்த டாக்டர், விடு என்று சொல்லவில்லை, எவ்வளவு நாளாக இருக்கிறீர்கள், என்ன சாப்பிடலாம் என்று வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மறுநாள் சர்க்கரை நிபுணரிடம் பேசி மாத்திரையையும் பலகாரத்தையும் ஒத்துப்போகும்படி மாற்றி அமைத்தார்கள். என்ன மாற்றம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. நம் மாமாக்கள் வீட்டுக்குப் போய்த் தாங்களே செய்து பார்த்துவிடுவார்கள். உபவாசம் இருப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் 1984-இல் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரி 18 விநாடியில் டாக்டர் இடைமறித்துவிடுகிறார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் 17 பேர்தான். இடைமறிக்கப்பட்ட பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் முடித்தவர் ஒரே ஒருவர். முதலில் சொல்லும் தொந்தரவுதான் முக்கியமானது என்றும் இல்லை என்பது அவர்கள் கண்ட இன்னொரு விஷயம். ஆபீசில் மனு கொடுக்க வருகிறவர்களிடம் இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உண்மையான சங்கதி கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டுதான் வரும்.

நம் ஊர்க் கதை என்ன என்றும் பார்த்தேன். ஜிஷ்ணு தாஸ், ஜெஃப்ரி ஹாமர் இருவரும் தில்லி டாக்டர்களின் அறைகளில் ஆள் உட்கார வைத்துக் கணக்கெடுத்து 2007-இல் வெளியிட்டார்கள். சராசரி சந்திப்பு 3.8 நிமிஷம், கேட்ட கேள்வி 3.2.

"ஐயா, இரண்டு மணி நேரத்தில் நாற்பது டோக்கன். பேச விட்டால் பொழுது விடிந்துவிடாதா?" என்று இங்கே ஒரு டாக்டர் என்னிடம் முன்பே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகர ஆஸ்பத்திரியில் லாங்கெவிட்ஸ் என்பவரும் சகாக்களும் 335 நோயாளிகளை, தாங்களாக நிறுத்தும் வரை பேசவிட்டு நேரம் பார்த்தார்கள். 2002-இல் வெளியான ஆய்வு. சராசரி 92 விநாடி. நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிஷத்துக்குள் முடித்துக்கொண்டார்கள். ஐந்து நிமிஷம் தாண்டியவர்கள் ஏழே பேர், அவர்கள் சொன்னதும் தேவையானதுதான் என்று டாக்டர்களே ஒப்புக்கொண்டார்கள். நம்மவர்கள் ஸ்விட்சர்லாந்துக்காரர்களைவிட வாய் ஜாஸ்தி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அத்திம்பேர் முழுதாகச் சொல்ல எடுத்துக்கொண்டது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. அதைக் கேட்காததால் செலவான நேரத்தை நான் கணக்குப் போடவே பயப்படுகிறேன்.

அதோடு, 1975-இல் இங்கிலாந்தில் ஹாம்ப்டன் என்ற டாக்டரும் சகாக்களும் புதிதாக வந்த 80 நோயாளிகளைப் பார்த்தார்கள். அவர்களில் 66 பேருக்குக் கடைசியில் முடிவான வியாதி, குடும்ப டாக்டர் எழுதிய கடிதத்தையும் நோயாளி சொன்ன கதையையும் வைத்தே தெரிந்துவிட்டிருந்தது. உடம்பைத் தொட்டுப் பார்த்து அபிப்பிராயம் மாறியது 7 பேருக்கு, பரிசோதனைச் சாலையால் மாறியது 7 பேருக்கு. முழு ஃபைலையும் படிக்காமல் நோட்டிங் எழுதாதே என்று எங்கள் பழைய செக்ஷன் ஆபீசர் சொல்வார். கதைதான் ஃபைல்.

இனி பாஷை. தமிழில் தலைசுற்றல் வேறு, கிறுகிறுப்பு வேறு, கண்ணை இருட்டுவது வேறு, தள்ளாட்டம் வேறு, மயக்கம் வேறு. தில்லியில் எல்லாவற்றையும் நாம் "சக்கர்" என்று ஒரே வார்த்தையில் போட்டு அடைத்துவிடுகிறோம். டாக்டரும் அதைக் கேட்டு ஒரு பெட்டியில் போட்டுவிடுகிறார். தலைசுற்றலை நாலு வகையாகப் பிரிக்க வேண்டும் என்று 1972-இல் டிராக்மன், ஹார்ட் இருவரும் எழுதியது வெகுகாலம் பாடமாக இருந்தது. ஆனால் 2007-இல் நியூமன்-டோக்கர் என்பவர் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களைக் கேட்டுப் பார்த்தபோது, பாதிப் பேருக்கு மேல் சில நிமிஷத்திலேயே வேறு வகையைச் சொன்னார்கள். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்ற பதில்களோ அவ்வளவாக மாறவில்லை. ஹரியானாப் பெண் கேட்டதும் அதைத்தானே?

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஹெரிடேஜ் என்பவரும் சகாக்களும் 2007-இல் செய்தது. பேச்சின் நடுவில் டாக்டர், "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு விதம். ஒன்றில் 'எனி' வரும், மற்றதில் 'சம்' வரும். 'சம்' போட்டுக் கேட்டபோது, சொல்லாமல் விட்டுப்போகும் தொந்தரவுகள் நூற்றுக்கு 78 பங்கு குறைந்தன. 'எனி' போட்டுக் கேட்டதும் கேட்காததும் ஒன்றாகவே இருந்தன. ஒரு வார்த்தைதான். தமிழில் நாம் எப்படிக் கேட்கிறோம்? "வேற ஒண்ணும் இல்லையே?" இதற்கு எந்த மாமியாவது "இருக்கு" என்று சொல்வாளா? "இன்னும் என்ன சொல்லணும்னு நினைச்சுண்டு வந்தேள்?" என்று கேட்டுப் பாருங்கள். தமிழில் யாரும் அளந்து பார்த்ததாக நான் படித்ததில்லை, ஆனாலும் முயற்சி செய்யக் காசா பணமா?

இன்னொரு கேள்வி, "இது எதனால வந்திருக்கும்னு நீங்க நினைக்கறேள்?" ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர், தைவானில் மக்களோடு பழகி ஆராய்ந்தவர், 1978-லேயே இதைக் கேட்கச் சொன்னார். நம்மவர்கள் பித்தம், வாயு, உஷ்ணம், சனிப்பெயர்ச்சி என்று ஏதாவது சொல்வார்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள். சிரித்தால் அதற்குப் பிறகு கேட்கும் எந்தக் கேள்விக்கும் உண்மையான பதில் வராது.

அடுத்தது என்னைப் போன்ற கூட்டாளிகள். வயதானவரைக் கேட்டால் பிள்ளை பதில் சொல்வான், மாட்டுப்பெண் திருத்துவாள். சிறுநீர் அடங்காமல் போவதை, சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காததை, மாத்திரை வாங்கப் பணம் கேட்கக் கூச்சப்படுவதை, எந்த அம்மா பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்வாள்? பி.பி. பார்க்கும் சாக்கில் இரண்டு நிமிஷம் எங்களை வெளியே அனுப்பிவிடுங்கள். நாங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "புரிஞ்சுது" என்போம். ரிடையர் ஆன ஆபீசர்கள் நிச்சயமாகச் சொல்வோம். "ஆத்துக்குப் போய் மாமி கேட்டா, இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்னு சொல்லுவேள்?" என்று கேளுங்கள். சொல்லத் தெரியாமல் முழிப்போம். அப்போது திரும்பச் சொல்லலாம்.

நோயாளியிடம் பேசுவதையும் ஒரு பாடமாக 2019 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குச் சேர்த்திருக்கிறார்கள். நம் டாக்டர்கள் பெரும்பாலும் அதற்கு முன்னால் படித்தவர்கள், அதனால்தான் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறேன்.

செயற்குழுவுக்கு எனது வேண்டுகோள் ஒன்று உண்டு. நம் டோக்கன் சீட்டில் "கம்ப்ளெயின்ட்" என்று ஒரு வரிக் கட்டம் இருக்கிறது. அதைத் தொண்டர்கள் நிரப்புகிறார்கள். "சக்கர்" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் டாக்டர் தலை நிமிர்கிறார். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவோம். அதற்குப் பதில், காத்திருக்கும் நேரத்தில் சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும், நாட்டு மருந்து உள்பட, ஒரு பையில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வோம். உபவாச நாட்கள் உண்டா என்று மட்டும் தொண்டர்கள் கேட்டு எழுதட்டும். டோக்கனை நாற்பதிலிருந்து முப்பதாகக் குறைக்க முடியுமா என்பதையும் பரிசீலிக்க வேண்டும். மீதிப் பத்துப் பேருக்கு மாதத்தில் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், டோக்கன் மேஜையில் நான் உட்காருகிறேன்.

அத்திம்பேருக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை எழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் கோணலாக வருகிறது, பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று புதிதாக வாங்கிக்கொண்டார்கள். இப்போது டாக்டர்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம். நான் இடைமறிக்க மாட்டேன்.