நிரம்பாத தொட்டி



வீட்டுக்கு வீடு கழிப்பிடம் வேண்டும் என்பதை இன்று நாம் யாவரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். ஆனால், அதன் கழிவு எங்கே செல்கிறது என்று கேட்பவர் சிலரே. கண்ணுக்கு மறைந்ததும் கவலை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம்.

“எங்கள் செப்டிக் டாங்க் பத்து ஆண்டுகளாக நிரம்பவேயில்லை” என்று பெருமை பேசுவோர் நம்மிடையே உண்டு. இது பெருமைக்குரிய செய்தியன்று. உறைகளை இறக்கி, அடியைப் பூசாமல் விட்ட பள்ளம் அது. உள்ளே சென்றது மண்ணில் கசிந்து நம் கிணற்றை நாடுகிறது. அந்நீரைப் பருகும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் மஞ்சட்காமாலையும் வரக்கூடும்.

முறையான தொட்டியில் கசடு அடியில் தங்கும். எண்ணெய்ப்பசை மேலே ஏடாகப் படியும். இடையிலுள்ள நீர் மட்டும் வெளியேறும். அந்நீரிலும் நோய்க் கிருமிகள் உண்டு. ஆகவே, அதனைத் தெருச் சாக்கடையில் விடாது உறிஞ்சிக்குழியில் விடுதல் வேண்டும்.

இப்பணிக்குத் தேர்ந்த கொத்தனாரையே அமர்த்துவோமாக. இந்தியத் தர விதிகளின்படி தொட்டி குறைந்தது 1,000 லிட்டர் கொள்ளவேண்டும். நீரின் ஆழம் 1 மீட்டருக்குக் குறையலாகாது. நீளம் அகலத்தைப்போல் 2 முதல் 4 மடங்கு இருத்தல் வேண்டும். அடியும் சுவரும் கசியாதவாறு சிமெண்டுப் பூச்சு அவசியம். உறிஞ்சிக்குழி குடிநீர்க் கிணற்றுக்கு 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி, தள்ளியிருக்கட்டும்.

கட்டியதோடு கடமை முடிவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசட்டை லாரி மூலம் உறிஞ்சி எடுக்கவேண்டும். தவறினால், கசடு உறிஞ்சிக்குழிக்குள் புகுந்து அதனை அடைத்துவிடும். கழிவைக் கரைக்கும் நுண்ணுயிர்களை ஆசிட் அழித்துவிடும். அதனை மிகுதியாக ஊற்றலாகாது. துணியும் பிளாஸ்டிக்கும் உள்ளே போடலாகாது.

எந்நிலையிலும் மனிதரை உள்ளே இறக்காதீர்கள். அங்குள்ள நச்சுவாயு நொடியில் உயிரைக் கவரும். காப்பாற்ற இறங்கியவரையும் விடாது. பாதுகாப்புக் கருவிகளின்றித் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். கூலிக்கு இறங்குபவனும் ஒரு தாயின் பிள்ளையே அன்றோ?

பஞ்சாயத்து அங்கத்தினர்களே! எந்த வீட்டுத் தொட்டி எந்த ஆண்டு கட்டப்பட்டது, எப்போது கசடு எடுக்கப்பட்டது என்று ஊருக்கொரு பதிவேடு வையுங்கள். லாரிக்காரர் கழிவை ஓடையிலும் ஏரியிலும் கொட்டாதவாறு கண்காணியுங்கள். தொட்டி ஒருவர் வீட்டினது. அதனடியில் ஓடும் நீரோ ஊரார் அனைவருக்கும் உரியது.