தராக்கி: புறநானூறும் போர்முனையும்



இத்தகைய இலக்கிய உரைகளிலே கவிஞர்களும் நாவலாசிரியர்களுமே பெரும்பாலும் இடம்பெறுவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டவரோ ஒரு பத்திரிகையாளர். அதிலும், போர் நிலைமைகளை ஆராய்ந்து பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதியவர். தராக்கி என்ற புனைபெயரால் அறியப்பட்ட தர்மரத்தினம் சிவராம் அவர்களே அவர். இவருக்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

சிவராம் 1959 ஆகஸ்ட் 11ஆம் திகதி மட்டக்களப்பிலே பிறந்தார். நமது கண்டிக்கு அண்மையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தார். ஆனால் பட்டத்துடன் திரும்பவில்லை. நாட்டு நிலைமை அவரைப் புளொட் இயக்கத்துக்கு இட்டுச் சென்றது. பின்னர் அவ்வியக்கத்தின் அரசியற் கட்சியிலே பொறுப்பான பதவியும் வகித்தார். இயக்கத்தோடு முரண்பட்டு விலகிய காலத்தில், அவரைப் பத்திரிகைத் துறைக்கு அழைத்து வந்தவர் றிச்சட் டி சொய்சா என்ற பத்திரிகையாளர். அந்த நண்பர் 1990 பெப்ரவரியில் கடத்திக் கொல்லப்பட்டபோது, உடலை அடையாளங்காட்ட உதவியவர்களுள் சிவராமும் ஒருவர்.

1989இல் ‘தி ஐலண்ட்’ பத்திரிகையில் தராக்கியின் பத்தி தொடங்கியது. போர்க்களச் செய்தி என்றால் இறந்தோர் தொகை, கைப்பற்றிய ஆயுதங்களின் பட்டியல் என்றிருந்த காலம் அது. தராக்கியோ நிலத்தைப் பற்றி எழுதினார். ஒரு பாதையைப் பிடிப்பதற்கு எத்தனை படையினர் வேண்டும், பிடித்த பின் அதைக் காப்பதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிட்டுக் கேட்டார். மலையகத்தில் வாழ்ந்த எமக்கு யுத்தம் பத்திரிகைத் தாளாகவும், பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்கும் சோதனைச் சாவடியாகவுமே வந்து சேர்ந்தது. அந்தச் சாவடிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதற்கு அவரது பத்தி ஒரு வரைபடமாக இருந்தது. அப்பத்திகளின் தொகுப்பொன்று, ‘நழுவிச் செல்லும் சமாதானம்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில், 1991இல் பிரான்சில் வெளியாயிற்று.

இலக்கிய மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது, அவர் 1992இல் ‘லங்கா கார்டியன்’ சஞ்சிகையில் எழுதிய தமிழ் இராணுவவாதம் பற்றிய கட்டுரைத் தொடர். பாளையக்காரர் போர்களின் பின் தென்தமிழகத்தின் போர்க்குடிகளைப் பிரித்தானியர் எவ்வாறு ஒடுக்கினர் என்பதிலிருந்து, இருபதாம் நூற்றாண்டில் வீரம் எவ்வாறு தமிழ்த் தேசியத்தின் மொழியாயிற்று என்பது வரை அது ஆராய்கிறது.

1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். பின்னர் மு. இராகவையங்கார் சங்ககால வீரத்தாயரைப் பற்றி எழுதினார். பாரதியார் அதனைப் போற்றினார். அதாவது, ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல், குறிப்பிட்ட ஒரு காலத்திலே, குறிப்பிட்ட ஒரு தேவைக்காக, மீண்டும் உயிர் பெறுகிறது.

தெல்தோட்டையில் உயர்தர வகுப்புக்குப் புறத்திணை கற்பிக்கும்போது இது என் நினைவுக்கு வரும். மூதின்முல்லைத் துறையை விளக்கி, மகனைப் போருக்கு அனுப்பும் தாயின் பெருமையைச் சொல்லி அடுத்த பாடலுக்குப் போவது எளிது. பரீட்சைக்கு அது போதும். ஆனால் இந்தப் பாடலை யார், யாருக்காக, எப்போது எடுத்துப் பாடினர் என்ற வினாவையும் மாணவர் கேட்கப் பழக வேண்டும். உண்மையிலேயே பிள்ளைகளைப் போருக்குக் கொடுத்த தாய்மார் வாழும் நாட்டில் இது வெறும் பாடத்திட்ட வினா அன்று. சிவராமின் பலம் இதுவே என்பது என் துணிபு. பழம் பாடலை விசாரித்த அதே கண்ணோடுதான் அவர் படைத்தரப்பின் அறிக்கையையும் விசாரித்தார்.

பாதுகாப்புத் துறையைப் பற்றி எழுதுவோருக்குக் கிடைத்த பரிசு என்ன? ‘சண்டே ரைம்ஸ்’ பத்திரிகையில் இராணுவ நிலைமைகளையும் ஆயுதக் கொள்வனவுகளையும் துருவி எழுதிய இக்பால் அத்தாஸின் வீட்டுக்குள் 1998 பெப்ரவரியில் ஆயுதபாணிகள் புகுந்தனர். அதே ஆண்டு யூன் மாதத்தில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. அக்காலத்தில் சிவராம் தமிழ்நெற் இணையத்தளத்தை, வடக்குக் கிழக்கின் ஊர்களிலேயே நிருபர்களைக் கொண்ட செய்திச் சேவையாக வளர்க்க முன்னின்றார். பின்னாளில் வீரகேசரியில் தமிழிலும் எழுதினார்.

அவர்மீது விமர்சனங்களும் உண்டு. ஒரு காலத்தில் விடுதலைப் புலிகளைக் கடுமையாக விமர்சித்தவர், பின்னர் அவர்களுக்கு நெருக்கமான நிலைப்பாட்டை எடுத்தார். அவரது மறைவின் பின் அவ்வியக்கம் அவருக்கு மாமனிதர் பட்டம் வழங்கியது. வீர மரபு எவ்வாறு கட்டப்பட்டது என்று ஆராய்ந்தவரையே அந்த மரபின் சொற்கள் சூழ்ந்துகொண்டன. இந்த முரணை மறைத்து அவரைப் புகழ்வது, கேள்வி கேட்கக் கற்பித்த எழுத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு, கொழும்பு பம்பலப்பிட்டியில் அவர் கடத்தப்பட்டார். மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையில் அவரது சடலம் கிடந்தது. அப்போது அவருக்கு வயது 45. அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அவரது நீண்டகால நண்பரான அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர், 2007இல் அவரைப் பற்றி ஓர் ஆங்கில நூல் எழுதினார். நண்பர் எழுதியதாயினும், அது துதிபாடும் நூலன்று. சிவராமோடு வாதிட்டுக்கொண்டே அவரை விளங்க முயலும் நூல்.

நேயர்களே, பத்திரிகை எழுத்து ஒரு நாள் வாழ்வுடையது. மறுநாள் அது கடையிலே சரை சுற்றப் பயன்படும் தாள். அதனால் அதனை இலக்கிய வரலாற்றுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். எனினும், ஒரு தலைமுறை தன் காலத்தை விளங்கிக்கொள்ள உதவிய எழுத்து, நூலாக வந்தாலும் தாளாக வந்தாலும் அத்தலைமுறையின் இலக்கியமே. நமது பழம் நூல்கள் செல்லரித்து அழியுமுன் தேடிப் பதிப்பித்தவர் சாமிநாதையர். அந்த அக்கறையின் ஒரு சிறு பங்கையேனும் நமது காலத்துப் பத்திகளுக்கும் காட்டுதல் வேண்டும். நூலகங்களில் பழுப்பேறிக் கிடக்கும் தாள்கள் அதிக காலம் காத்திரா.