சமயக் கல்வியும் உதவித்தொகையும்



கோயில் பூசை முறையைக் கற்க வருபவரும், தேவாரம் ஓதப் பயில்பவரும், கிறிஸ்தவ இறையியல் கல்லூரியில் சேர்பவரும் ஒரு வகையில் ஒத்தவர்களே. படிக்கும் ஆண்டுகளில் அவர்களுக்கு உணவும் உடையும் வேண்டும். வீட்டுக்கு உழைத்துக் கொடுக்க வேண்டிய கை, அக்காலத்தில் ஏட்டைப் பிடித்திருக்கிறது. ஆகவே, சமயக் கல்வி பெரும்பாலும் பிறர் தரும் உதவித்தொகையைக் கொண்டே நடந்து வந்துள்ளது. அவ்வுதவி யாருக்கு உரியது, அதன் நிபந்தனைகள் யாவை என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இத்தகைய விதிகள் பெரும்பாலும் மூன்று வினாக்களுள் அடங்கும். உனக்கு உண்மையிலேயே தேவை உண்டா? நீ இப்பணிக்குத் தக்கவனா? பெற்ற உதவிக்கு என்ன கைம்மாறு செய்வாய்? 1815ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு கல்விச் சங்கம் தோன்றியது. குருப்பணிக்குப் படிக்கும் ஏழை இளைஞருக்கு அது பொருள் வழங்கியது. வறுமை, அறிவுத்திறன், பக்தி ஆகிய மூன்றுக்கும் சான்று கேட்டது. பின்னர், கொடையாக அளித்து வந்ததைக் கடனாக மாற்றிக்கொண்டது. ஏற்பவனுடைய தன்மானத்துக்குக் கடனே ஏற்றது என்பது ஒரு சாரார் கருத்து. ஏழைக் குருவின் தோளில் கடன்சுமையை ஏற்றுவதா என்பது மற்றொரு சாராரின் வினா. இவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

அமெரிக்காவிலிருந்து இத்தகைய ஏற்பாடுகள் நம் வட்டாரத்துக்கும் வந்தன. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி வானம் பார்த்த பூமி. அங்குள்ள எம்.ரெட்டியபட்டிக்கு அருகே மண்டபசாலை என்னும் சிற்றூர் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுரை மிஷனின் நிலையங்களுள் அதுவும் ஒன்று. ஊர்களில் பணிபுரியும் உபதேசியாரையும் ஆசிரியரையும் உருவாக்குவதற்காக அம்மிஷன் 1842இல் திருமங்கலத்தில் ஒரு குருமடப் பள்ளியைத் தொடங்கி, 1845இல் அதைப் பசுமலைக்கு மாற்றியது. இரண்டே ஆண்டுகளில் தகுதி பற்றிய சோதனை வந்தது. சாதி பாராமல் உடன் அமர்ந்து உண்ண வேண்டும் என்று 1847இல் மிஷன் வற்புறுத்தியது. மறுத்த உபதேசியார் பலர் பணியை இழந்தனர். மாணவர் பலர் பள்ளியைவிட்டு அகன்றனர். உண்ண உணவும் கற்கக் கல்வியும் கிடைத்த இடத்தையே சாதிக்காகத் துறந்தனர் என்றால், அந்நிபந்தனை எவ்வளவு ஆழமான இடத்தைத் தொட்டிருக்க வேண்டும்!

கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும் இதே அமெரிக்கர் வட்டுக்கோட்டையில் 1823இல் ஒரு குருமடம் நிறுவினர். அமெரிக்கக் கொடையாளர் ஒருவர் ஒரு மாணவனுக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்புவார். தாம் விரும்பிய பெயரை அம்மாணவனுக்கு இடும் வழக்கமும் இருந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை முதலிய பெயர்களைத் தமிழ் இலக்கிய வரலாறு அறியும். உதவியோடு ஒரு பெயரும் வந்தது. ஆயினும் கொடுத்தவர் எண்ணியபடியே யாவும் விளையவில்லை. படித்தவர் பலர் அரசாங்க வேலைக்குச் சென்றனர். அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சைவராக வாழ்ந்து, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். குருமாரை உருவாக்கும் நோக்கம் நிறைவேறவில்லை என்று கருதிய அமெரிக்கச் சபையின் தூதுக்குழு வந்து போனதன் பின், 1855இல் அக்குருமடம் மூடப்பட்டது. சபைக்கு அது இழப்பாகத் தோன்றியிருக்கலாம். தமிழுக்கோ பெரும் ஆதாயம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். தகுதியுள்ள எச்சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று தமிழ்நாட்டு அரசு 2006இல் ஆணையிட்டது. அதனையொட்டி மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை, திருவரங்கம், திருவல்லிக்கேணி ஆகிய ஆறு இடங்களில் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் தோன்றின. பசுமலையில் சாதி வேற்றுமையைக் கைவிடுவது உதவிக்கு நிபந்தனையாயிற்று. இங்கோ சாதி என்பதே தகுதிக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. வயது, பள்ளிப்படிப்பு, சமயம், உடல்நலம் ஆகியவை மட்டும் நின்றன. முதல் அணி மாணவருக்கு உணவும் உறைவிடமும், மாதம் 500 ரூபாயும் கிடைத்தன. முழுநேர மாணவருக்குரிய ஊக்கத்தொகை பின்னர்ப் படிப்படியாக உயர்ந்து, 2024இல் 10,000 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. 2023இல் திருவரங்கத்தில் மூன்று பெண்கள் பயிற்சியை நிறைவு செய்தனர்.

இங்கே ஒரு கசப்பான பாடமும் உண்டு. முதல் அணியில் 206 பேர் பயிற்சி பெற்றனர். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2018இல் மதுரையில் ஒருவருக்குப் பணி கிடைத்தது. 2021 ஆகஸ்டில்தான் 24 பேர் ஒருசேர நியமனம் பெற்றனர். கற்ற மந்திரம் நாவில் இருக்க, வயிற்றுக்கு வேறு தொழில் தேடி இளமையைக் கழித்தவர்கள் எத்தனை பேர்! படிக்கும்போது சோறிட்ட விதி, படித்து முடித்த பின் நிற்க ஓர் இடத்தைக் காட்டவில்லை.

நண்பர்களே, உதவி பெறுவது இழிவன்று. ஆனால், விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் நீங்களும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இத்தொகை கொடையா, கடனா? இடையில் விலக நேர்ந்தால் திருப்பித் தர வேண்டுமா? முடித்தவருக்கு எங்கே பணி, யார் பொறுப்பு? வயது வரம்பு, கல்வித் தகுதி, சான்றிதழ்கள் ஆகியவற்றை அவ்வாண்டு வெளியிடப்படும் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிறர் வாய்மொழியை நம்பி ஓராண்டை இழக்காதீர்கள்.

விதிகளை எழுதுவோர்க்கும் ஒரு சொல். திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் சுந்தரர் பாடிய தலம். சுற்றிலுமுள்ள கரிசல் ஊர் ஒன்றிலிருந்து, நல்ல குரல் வளமுள்ள ஏழைச் சிறுவன் ஒருவன் ஓதுவாராக விரும்பி வரக்கூடும். உள்ளே வரும் வாயிலில் அவனிடம் தகுதி கேட்பது முறையே. வெளியே செல்லும் வாயிலில் அவனுக்கு ஒரு வாழ்வு இருக்கிறதா என்று தம்மையே கேட்டுக்கொள்வது அதனினும் முறையானது.