உண்டியும் கடைப்பிடியும்

(பிள்ளைப்பாக்கம் திருக்குட நன்னீராட்டுப் பெருவிழாச் சொற்பொழிவு)



தொண்டை நாட்டிலே திருக்குட நன்னீராட்டு என்ற அளவில் நெஞ்சில் எழுந்தருள வேண்டியவர் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார். அவர் கையிலே பொருள் இல்லை. ஆயினும் கல்லும் மரமும் மனத்தினாலேயே தேடினார். மனத்துள்ளேயே அடிநிலை இட்டு, விமானம் எடுத்து, கிணறும் மதிலும் திருக்குளமும் அமைத்து, நன்னாளும் குறித்தார். அந்நாளே காஞ்சியில் காடவர் கோமான் எடுப்பித்த கற்றளிக்கும் நன்னாளாயிற்று. இறைவன் மன்னன் கனவிலே தோன்றி, நின்றவூரன்பன் நினைந்து செய்த ஆலயத்திலே மறுநாள் தாம் புகுவதாகவும், மன்னன் தன் விழாவைப் பின்னொரு நாளிலே வைத்துக்கொள்ளுமாறும் அருளினார். இவ்வரலாற்றை உலகுக்கு உரைத்த சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூர் பிள்ளைப்பாக்கத்துக்கு நெடுந்தொலைவில் உள்ள ஊர் அன்று. இவ்வட்டாரத்து அன்பர்க்கு இஃது உறவினர் வீட்டுச் செய்தி போன்றது.

மனத்திலே கோயில் எடுத்தார் என்றால், அம்மனம் குடியிருக்கும் மனை யாது? இவ்வுடம்பே. திருமூல நாயனார் தம் மூன்றாம் தந்திரத்திலே உடம்பைப் பேணும் கடப்பாட்டைப் பேசுகின்றார். முன்னே இதனை இழுக்குடைய பொருளென எண்ணியிருந்த நிலையும், உள்ளே உறுபொருள் கோயில் கொண்டிருத்தலைக் கண்டபின் இதனை ஓம்பத் தலைப்பட்ட நிலையும் அங்கே கூறப்படுகின்றன. சைவர் இதனை அறியாதவர் அல்லர். மேடைதோறும் கேட்டதே. ஆயினும் கேட்ட மேடையினின்று இறங்கி நேரே பந்திக்குச் சென்று, உண்ணத் தகாத அளவு உண்டு, மாத்திரை ஒன்றை விழுங்கி எழுகின்ற காட்சியும் விழாதோறும் காண்பதே.

ஆலயத்திலே பெருமானைப் பீடத்தோடு பொருத்துவதற்குச் சாத்தப்படுவதை ‘அட்டபந்தன மருந்து’ என்கின்றனர். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டையும் சேர்த்து இடித்து இடித்துப் பதப்படுத்துகின்றனர். ஒரு பொருள் மிகினும் குறையினும் பிடிப்பு நில்லாது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை அது புதுப்பிக்கப்படுகின்றது. உடம்பாலயத்துக்கும் ‘மருந்து’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். அதன்கண் மூலிகை ஒன்றின் பெயரேனும், சூரணம் ஒன்றின் செய்முறையேனும் இல்லை என்பதைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை. பத்துக் குறளில் ஆறு, உண்ணும் முறையையே பேசுகின்றன. முன் உண்டது அற்றதா என்று அறிதல், அளவறிதல், ஒன்றோடொன்று மாறுபடாதனவற்றைக் கொள்ளுதல், பசித்த பின் உண்ணுதல் இவையே அங்கே மருந்து. இவற்றினிடையே ‘கடைப்பிடித்தல்’ என்னும் சொல்லை ஆசிரியர் பெய்து வைத்திருக்கின்றார். அச்சொல்லே இன்றைய பேச்சின் பொருள். கடைப்பிடி என்பதற்கு உறுதி என்றும் மறவாமை என்றும் பொருள் உண்டு. அறிதல் வேறு, அறிந்ததை மறவாது நிற்றல் வேறு.

இனி, நாட்டின் நிலையைச் சிறிது காண்போர் திடுக்கிடுவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர் முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். நோய் வந்துவிடவில்லை எனினும் குருதியிற் சர்க்கரை இயல்பளவைக் கடந்து நிற்போர் மேலும் 13 கோடிக்கு மேற்பட்டவர் என்பது அதன் கணக்கு. பின்னவரே ஈண்டுக் கருதத்தக்கவர். அவர்கள் வாயிற்படியிலே நிற்கின்றனர். உள்ளே புகவும் கூடும், திரும்பவும் கூடும்.

பிள்ளைப்பாக்கமும், ஸ்ரீபெரும்புதூரும், ஒரகடமும் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த ஊர்கள். நாற்று நட்டவரும், ஏர் பிடித்தவரும், களத்திலே நெல் தூற்றியவரும் சோற்றைக் குன்றெனக் குவித்து உண்டனர். மாலைக்குள் அது வியர்வையாய்க் கழிந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலே மோட்டார் வண்டிகள் செய்யப்படத் தொடங்கிய பின், ஆண்டுக்காண்டு தொழிற்கூடங்கள் பெருகின. பிள்ளைப்பாக்கத்திலேயே சிப்காட் தொழிற்பூங்கா அமைந்தது. அதனாற் பல குடும்பங்கள் கடன் நீங்கின. பிள்ளைகள் கல்லூரி கண்டனர். இதனைக் குறை கூறுதல் நன்றியன்று. ஆயின் உழைப்பின் வகை மாறியது. தட்டின் அளவு மாறவில்லை. நின்றவிடத்தே நின்று பொறியை நோக்கும் பணிக்கு, சேற்றிலே நடந்த பாட்டனாரின் சோறு செலுத்தப்படுகின்றது. மேலும், முறைப்பணி வந்தபின் பொழுதே புரண்டுவிட்டது. இரவு இரண்டு மணிக்குப் பரோட்டாவும், விடியற்காலையிலே சர்க்கரை மிகுந்த தேநீர் இரண்டும், பகலிலே உறக்கமும் என்று ஒரு வாழ்வு. இரவிலே உடம்பு சர்க்கரையை ஆளும் திறம் பகலினும் குறைவு என்று மருத்துவர் கூறுகின்றனர். உறங்க வேண்டிய வேளையில் எரிவாய்க்கு விறகு திணித்தால் புகைதானே எழும்?

சைவ அன்பர்களிடத்தே இதனிற் பெரியதொரு மயக்கம் உண்டு. புலால் மறுத்தமையாலேயே தம் உணவு தூயதாயிற்று, தூயதாயினமையால் எவ்வளவும் கொள்ளலாம் என்பது அம்மயக்கம். கொல்லாமை உயிர்க்கு உற்ற பேரறம், அதில் ஐயமில்லை. ஆயின் அவ்வறம், தீட்டிய அரிசிச் சோற்றுக்கும், எண்ணெயிற் பொரித்தவற்றுக்கும், நெய்யொழுகும் இனிப்புக்கும் அளவுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிடவில்லை. விரத நாளிலே ஒருவேளைச் சோற்றை விடுத்து, அதற்கீடாக இட்டலி எட்டும், போண்டா நான்கும், மேலே ஒரு கேசரியும் கொள்ளுகின்ற விரதத்துக்கு எந்த ஆகமத்திலே விதி கண்டனரோ தெரியவில்லை! வயிற்றை ஒறுப்பதற்கு முன்னோர் வகுத்த நாள், வயிற்றைக் கொண்டாடும் நாளாயிற்று.

அறிவு குறைவினாலா இது நிகழ்கின்றது? அன்று என்பதற்குச் சான்று, தொழிலாளரிடத்தே நிகழ்ந்த ஓர் ஆய்வு. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் தென்னிந்தியாவின் கீழ்ப்பகுதித் தொழிற்கூடங்களிலே பணிபுரிந்த ஆடவருள், முற்கூறிய வாயிற்படி நிலையில் நின்ற 537 பேரைத் தெரிந்தெடுத்தனர். அனைவரும் 35 முதல் 55 வயதினர். எதை உண்ணலாம், எதைக் குறைக்கலாம், எவ்வளவு நடக்கலாம் என்னும் அறிவுரை தொடக்கத்திலே அனைவர்க்கும் ஒருபடித்தாகவே கூறப்பட்டது. பின் ஒரு பாதியினர்க்கு வேறொன்றும் செய்யப்படவில்லை. மறுபாதியினர்க்குக் கைப்பேசி வழியாக அடிக்கடி குறுஞ்செய்தி சென்றது. கேட்ட அறிவுரையை நினைவூட்டும் சில சொற்கள், அவ்வளவே. இரண்டாண்டு கழிந்தபின் நோக்கியபோது, நினைவூட்டப் பெறாதாருள் நூற்றுக்கு 27 பேர் நீரிழிவுக்கு ஆட்பட்டிருந்தனர். நினைவூட்டப் பெற்றோருள் நூற்றுக்கு 18 பேரே ஆட்பட்டனர். 2013-இல் வெளிவந்த செய்தி இது. மருந்தில்லை, மாத்திரையில்லை. இருசாராரும் அறிந்தது ஒன்றே. வேறுபாடு மறவாமை ஒன்றே. வள்ளுவர் பெய்த அச்சொல்லுக்கு இதனினும் தெளிவானதோர் உரை இக்காலத்தே கிடைத்தல் அரிது.

அதே மருத்துவக் குழுவினர் முன்னே 531 பேரிடத்து மூன்றாண்டுக் காலம் நடத்திய வேறோர் ஆய்வு 2006-இல் வெளியிடப்பட்டது. உணவொழுக்கமும் நடையும் மேற்கொண்டோருள் நோயுற்றவர் நூற்றுக்கு 39 பேர். மேற்கொள்ளாதாருள் 55 பேர். ஒழுக்கம் பூண்டவர் எல்லாரும் தப்பினர் என்று அவ்வாய்வு கூறவில்லை; கூறுதல் பொய்யாகும். குடிவழியாகவும் இந்நோய் வரும். ஆயினும் நூறு பேருள் பதினைந்து பதினாறு குடும்பத் தலைவர்கள் நோயினின்று விலகி நின்றனர் என்பது சிறு பயனோ? கண்ணொளி குன்றுதல், சிறுநீரகம் பழுதுறுதல், காலை இழத்தல் என்னும் துன்பங்கள் அத்தனை வீடுகளின் வாயிலினின்று தள்ளி நிறுத்தப்பட்டன.

எதனை உண்பது என்னும் வினாவுக்கு இக்காலத்தார் சிலர் தினையும் சாமையும் வரகுமே விடை என்று முழங்குகின்றனர். அவை நல்ல தானியங்களே. ஆயினும் 2025-இல் வெளிவந்த நாடளாவிய உணவாய்வு ஒன்று வேறு செய்தி தருகின்றது. இந்தியர் கொள்ளும் உணவாற்றலில் நூற்றுக்கு 62 பங்கு மாவுப்பொருளினின்றே வருகின்றது; வெண்ணிற அரிசிக்கு மாற்றாக வேறு தானிய மாவைக் கொண்டு, மொத்த அளவைக் குறையாதிருப்பின் பயன் தோன்றவில்லை; மாவுப்பொருளில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அவ்விடத்தே பருப்பு பயறு வகைகளையும் பால் தயிர் வகைகளையும் கொள்ளுதல் நோய் வாய்ப்பைக் குறைப்பதோடு தொடர்புற்றிருந்தது. சைவர் அடுக்களையில் இல்லாத பொருள் இவற்றுள் ஒன்றேனும் உண்டோ? சோற்றைக் கறியாகவும் கறியைச் சோறாகவும் கொள்க என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அதுவே இது.

இத்துணையும் உண்பானை நோக்கிக் கூறியது. இடுவானுக்கு ஒன்றும் இல்லையோ எனின், அவனுக்கே மிகுதி. தன் அடுக்களை இல்லாத பெண்கள் ஆயிரக்கணக்கில் இவ்வட்டாரத்து விடுதிகளிலே தங்கிப் பணிக்குச் செல்கின்றனர். அவர்கட்கு எது சமைக்கப்படுகின்றதோ அதுவே ஊண். 2021 டிசம்பரில் இவ்வட்டாரத்துத் தொழிற்கூடம் ஒன்றன் மகளிர் விடுதியிலே உணவு பழுதுற்று, 150-க்கு மேற்பட்ட பெண்கள் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியர் நெடுஞ்சாலையிலே அமர்ந்து நியாயம் கேட்டனர். பின்னர் 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க விடுதி அரசால் திறக்கப்பட்டது. தங்குமிடம் நன்று. அங்கே ஆக்கப்படும் சோறும் நன்றாக இருத்தல் வேண்டும். பிறர் கைச்சோற்றை நம்பியிருப்பாரிடத்தே உணவொழுக்கம் பேசுதல், சோறிடுபவர் ஒழுக்கம் பேசிய பின்னரே தகும்.

அன்னம் இடுவார்க்குச் சேக்கிழார் காட்டும் இலக்கணம் இளையான்குடி மாறனார். வறுமையுற்ற நாளிலே, மழை பெய்த நள்ளிரவில், பசியோடு வந்த சிவனடியார்க்கு அமுது செய்விக்க, அன்று பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக் கொணர்ந்தார். விறகின்மையால் மனையின் அலக்கை அறுத்தார். குழியிலே நிரம்பாதிருந்த கீரையைப் பறித்தார். மனைவியார் அக்கீரை ஒன்றையே வேறு வேறு கறியாகச் சமைத்தார். எழுந்தருளியவர் சிவபெருமான். பெருமான் உவந்த விருந்திலே இனிப்பில்லை, பொரியலில்லை. அளவான சோறும் பலவகைக் கீரையுமே இருந்தன. கீரையிட்டால் அன்னதானத்தின் பெருமை குன்றும் என்று நாணும் செல்வர்கள் இவ்வரலாற்றை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று.

ஆலயத்து நிவேதனத்தை மாற்றுக என்று கூறுதல் இதன் கருத்தன்று. சர்க்கரைப் பொங்கல் பெருமானுக்கு உரியது, அங்ஙனமே ஆகுக. அடியார்க்கு உரியது அதன் பிரசாதம். பிரசாதம் என்பது உள்ளங்கையிலே ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அளவினது. பெரிய தொன்னை நிறைய வாங்கி, வீட்டுக்கு இன்னொரு தொன்னை கேட்பது பிரசாதம் அன்று, சிற்றுண்டி. சுண்டலுக்கு மட்டும் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம். கடலையும் பயறும் மேற்கூறிய ஆய்வுக்கும் இசைந்தவை.

திருக்குட நன்னீராட்டு நிறைவுற்றபின் 48 நாள் மண்டல பூசை நிகழும். உபயதாரர்கள் நாளொன்றுக்கு ஒருவராய்ப் பெயர் எழுதுவர். அப்பெயர் எழுதும்போதே, அந்த 48 நாளும் தாம் கொள்ளும் உணவொழுக்கம் ஒன்றையும் பெருமான் திருமுன்னர்ச் சங்கற்பமாகச் செய்துகொள்ளலாம். பெரிய சூளுரை வேண்டா. பெரிய சூளுரை மூன்றாம் நாளே முறியும். இரவுச் சோற்றிலே ஒரு கரண்டி குறைத்தல், தேநீரிலே சர்க்கரை விடுதல், நாடோறும் ஒரு கீரை, உண்டபின் திருக்கோயிலை வலம் வருதல் என்று ஏதேனும் ஒன்று போதும். நீரிழிவுக்கு மருந்து உண்பவரும், ஊசி கொள்பவரும் மருத்துவரைக் கேளாது ஒருபொழுதோ முழுப் பட்டினியோ மேற்கொள்ளுதல் ஆகாது. சர்க்கரை தாழ்ந்து மயங்கி வீழ்வர். அவர்க்கு அளவே விரதம். மண்டலம் முடிந்தபின் என்செய்வது என வினவுவார் உளர். மண்டலம் முடிந்தபின் ஆலயத்திலே என்செய்கின்றனர்? கதவை அடைத்துவிடுகின்றனரோ? நித்திய பூசை தொடர்கின்றது. காலந்தோறும் மணி அடிக்கப்படுகின்றது. கைப்பேசி தோன்றுமுன் இவ்வூர்க்கு நினைவூட்டியது அம்மணியே.

மண்டல நாள்களின் அன்னதானம் பற்றி ஒரு விண்ணப்பம். நண்பகற் பந்தியிலே கீரைக் கடையலும், காய்க்கூட்டும், பருப்பும், மோரும் முன்னதாகவும் மிகுதியாகவும் இடப்பெற்று, சோறு பின்னதாகவும் அளவாகவும் இடப்பெறுதல் வேண்டும். இனிப்பு வேண்டுமாயின் ஒரு வாழைப்பழம். இரவுப் பணி முடிந்து வரும் பிள்ளைகள் நண்பகலிலே உறங்குவர், பந்திக்கு வாரார். ஆதலின் காலைச் சந்திப் பூசையை ஒட்டி, பேருந்து வந்து நிற்கும் வேளையிலே, அவர்கட்கெனச் சுண்டலும் நீர்மோரும் கோபுர வாயிலில் வைத்து வழங்க உபயதாரர்கள் முன்வருவாராக. அதற்குத் தனிச் சீட்டு ஒன்று அலுவலகத்திலே திறக்கப்பெறின், முதற் பெயர் எழுதுவார்க்கு இளையான்குடி மாறனார் திருவருள் முன்னிற்கும்.