படலையும் வேண்டாக் கடிதங்களும்

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வாலிப அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



வயதிலும் அனுபவத்திலும் மூத்தோர் பலர் வீற்றிருக்கும் இச் சபையில் இளையவனாகிய எனக்கும் பேசச் சந்தர்ப்பம் அளித்த சங்கத்தாருக்கு என் நன்றி முதற்கண் உரியதாகுக. நான் எடுத்துக்கொண்ட விஷயம் மின்னஞ்சற் பெட்டியை ஒழுங்காக வைத்திருப்பது. சிறப்பாக, வேண்டாத கடிதம் அனுப்புவோரைத் தடுத்து நிறுத்துவது. "இதுவும் ஒரு பேச்சுக்கு உரிய பொருளா?" என்று சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு அவர்களை வேண்டுகின்றேன்.

உத்தியோகத்திற்கான நேர்முகப் பரீட்சை அழைப்பு, புலமைப்பரிசில் அறிவித்தல், வங்கிக் கணக்கு விபரம், கடல் கடந்து வாழும் பிள்ளையின் கடிதம் ஆகிய யாவும் இன்று அந்தப் பெட்டிக்கே வருகின்றன. என்னோடு படிக்கும் மாணவர் ஒருவருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, "உமது சான்றிதழ்களைப் பத்து நாட்களுக்குள் அனுப்புக" என்று எழுதியிருந்தது. அதே பத்து நாட்களில் உடுப்புக் கடைகளும், விமானச் சீட்டு விற்போரும், எப்போதோ ஒரு முறை பார்த்த விளையாட்டுக் கொம்பனியும் அவருக்கு நானூறுக்கு மேற்பட்ட கடிதங்களை அனுப்பியிருந்தன. அவற்றின் அடியிலே அந்த ஒரு கடிதம் கிடந்தது. அவர் அதைக் கண்டது பதினாலாம் நாள். ஒரு வருஷப் படிப்பு அப்படிப் போயிற்று. ஆகவே இது வெறும் குப்பை கூட்டும் காரியமன்று. வாழ்வோடு தொடர்புடைய காரியம்.

இவ் வழக்கம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சிறிது பார்ப்போம். 1971 ஆம் ஆண்டு ரே ரொம்லின்சன் என்னும் அமெரிக்க எஞ்சினியர், ஆர்ப்பாநெற் என்ற வலையமைப்பிலே ஒரு கொம்பியூட்டரிலிருந்து மற்றொரு கொம்பியூட்டருக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். பெயருக்கும் இடத்திற்கும் நடுவே நாம் இன்றும் இடுகின்ற 'அற்' குறியைத் தெரிந்தெடுத்தவரும் அவரே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1975 நவம்பரில், ஜோன் பொஸ்ரெல் என்னும் அறிஞர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். வருகின்ற கடிதங்களுள் இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று தெரிந்து மறுக்கும் வசதி பெறுபவரிடம் இல்லை. தவறாக நடக்கும் இடத்திலிருந்து வருவனவற்றை மறுக்கும் வல்லமை இருத்தல் நன்று என்பது அதன் சாரம். அதற்குப் பின்னர், 1978 மே 3 ஆம் திகதி, கேரி தூர்க் என்னும் விற்பனையாளர் தம் கொம்பனியின் புதிய கொம்பியூட்டர்களைக் காண வரும்படி, கேளாத ஏறக்குறைய நானூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். பலர் சினந்தனர், வலையமைப்பை நடத்தியோர் கண்டித்தனர். ஆயினும் அக் கடிதத்தால் தமக்குப் பெருந்தொகை விற்பனை கிடைத்ததென்று அவர் பிற்காலத்திற் கூறினார். கள்வன் வருமுன்னரே படலை வேண்டுமென்று ஒருவர் சொல்லி வைத்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இக் கடிதங்கள் ஏன் ஓய்வதில்லை? காரணம் எளிது. தபாலிற் கடிதம் அனுப்புகிறவர் முத்திரைக்குக் காசு கொடுக்கிறார்; ஆகையால் யாருக்கு அனுப்பலாம் என்று யோசிக்கிறார். மின்னஞ்சலிலோ பத்துப் பேருக்கு எழுதினாலும் பத்து லட்சம் பேருக்கு எழுதினாலும் அனுப்புகிறவருக்குச் செலவு மிகச் சொற்பம். செலவைக் கொடுப்பவர் பெறுகிறவரே. அவர் கொடுப்பது காசன்று, நேரம். ஒரு நாளைக்கு அறுபது வேண்டாக் கடிதங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் பார்த்து அழிக்கப் பத்துச் செக்கன் போதும். அது பத்து நிமிஷம். வருஷத்திற் கூட்டிப் பார்த்தால் 60 மணித்தியாலத்திற்கும் மேல். பல்கலைக்கழகத்திலே நான்கு கிரெடிற் பாடமொன்றின் முழு விரிவுரை நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆண்டுதோறும் ஒரு பாடத்தின் நேரத்தை யாரோ ஒரு கடைக்காரருக்கு இனாமாகக் கொடுக்கிறோம். 1978 இற் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹேபேட் சைமன், தகவல் பெருகப் பெருக மனிதனின் கவனம் அருகிப் போகும் என்று அதற்கு முன்னரே எடுத்துக் காட்டியிருந்தார்.

நிற்க. இனிச் செய்ய வேண்டியது யாது? எல்லாக் கடிதத்திற்கும் ஒரே மருந்து கொடுப்பது சரியன்று. வருகின்றவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையார் நாமே ஒரு காலத்தில் அழைத்தவர்கள். ஒரு பொருளை வாங்கும்போது, "செய்திகள் அனுப்பலாமா?" என்ற சிறு கட்டத்தில் அடையாளமிட்டிருப்போம். இவர்கள் நேர்மையான வியாபாரிகள். இவர்களிடம், "இனி வேண்டாம்" என்று சொல்லிவிடுவதே முறை. கடிதத்தின் அடியில் அல்லது அனுப்பியவரின் பெயருக்குப் பக்கத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' என்று இருக்கும்; அதை அழுத்துக. உடனே நிற்கவில்லையென்று கோபிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பத்து வேலைநாள் தவணை கொடுத்திருக்கிறது. பெருந்தொகையாகக் கடிதம் அனுப்புவோர் ஒரே அழுத்தில் விலகும் வசதி வைத்திருக்க வேண்டுமென்ற விதியை ஜீமெயிலும் யாகூவும் 2024 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நமது நாட்டின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இத்தகைய செய்திகளைப் பற்றி ஒரு பகுதி உண்டு.

இரண்டாம் வகையார், அழையாது வந்து, போகச் சொன்னாலும் போகாதவர்கள். 'புளொக்' என்னும் தடை இவர்களுக்கே உரியது. ஜீமெயிலிற் கடிதத்தைத் திறந்து, வலப்பக்க மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், இன்னாரைப் புளொக் செய்வதா என்ற வரி தோன்றும். அதை அழுத்திய பின்னர் அவர் அனுப்புவன யாவும் நேரே ஸ்பாம் என்னும் கழிவுப் பெட்டிக்குப் போய், முப்பது நாளில் அழிந்துவிடும். தடுக்கப்பட்ட செய்தி அவருக்கு அறிவிக்கப்படுவதில்லை; ஆதலால் மனத்தாங்கலுக்கு இடமில்லை. ஆனால் முன்னரே வந்து கிடப்பவை தாமாக அழியா. அவற்றை நாமே நீக்க வேண்டும். ஒரே கொம்பனி பல பெயர்களில் எழுதுமாயின், 'அற்' குறிக்குப் பின்னுள்ள பகுதியைக் கொண்டு ஒரு 'பில்ற்றர்' அமைத்தால் அங்கிருந்து வரும் அனைத்தும் நிற்கும். ஆயின் ஜீமெயில், யாகூ போன்ற பொது இடங்களின் பெயரை அவ்வாறு இட்டுவிடக் கூடாது. இட்டால் சிநேகிதரின் கடிதமும் வராது.

மூன்றாம் வகையார் வஞ்சகர். "உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது", "தபாற் பொதி ஒன்று காத்திருக்கிறது, சிறு கட்டணம் செலுத்துக" என்று எழுதுவோர் இவர்கள். பெரியோர்கள் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். இவர்களைப் புளொக் செய்வதால் மட்டும் பெரும் பயனில்லை. மின்னஞ்சல் செல்லும் முறைக்கு 1982 இல் எழுதப்பட்ட விதி, அனுப்புகிறவர் தம் பெயரென்று எழுதுவதைச் சோதிக்கவில்லை. கடிதவுறையின் பின்புறத்தில் எவரும் எவருடைய பெயரையும் எழுதலாம் அல்லவா? அதைப் போன்றது இது. பிற்காலத்திற் பல சோதனைகள் சேர்க்கப்பட்டபோதிலும், வஞ்சகன் நாளைக்கு வேறொரு பெயரில் வந்துவிடுவான். ஆகவே இவர்களை 'ஸ்பாம்' அல்லது 'பிஷிங்' என்று முறையிடுக. அம் முறைப்பாட்டினால் கடிதங்களைப் பிரிக்கும் யந்திரம் பாடம் கற்கிறது. நம்மோடு பிறரும் காப்பாற்றப்படுகின்றனர். இவர்களுடைய கடிதத்தில் உள்ள அன்சப்ஸ்கிரைப் என்பதை அழுத்தவே வேண்டாம். அழுத்தினால், "இந்த விலாசத்தில் ஓர் ஆள் இருக்கிறார்" என்று நாமே அறிவித்தவர்களாவோம்.

வருமுன் காப்பதற்கும் ஒரு வழி உண்டு. ஜீமெயில் விலாசத்தில் உங்கள் பெயருக்குப் பின் ஒரு கூட்டற் குறியும், அதன்பின் 'கடை' என்பது போன்ற ஒரு சொல்லை ஆங்கில எழுத்திலும் சேர்த்துக் கொடுத்தாலும் கடிதம் உங்களுக்கே வரும். யார் உங்கள் விலாசத்தைப் பிறருக்குக் கொடுத்தார் என்பது அச் சொல்லால் வெளிப்பட்டுவிடும்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். "வந்தவரை வா என்று அழைப்பதல்லவா நம் பண்பு? கதவடைப்பது தகுமா?" என்று பெரியோர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் நம்மவர்கள் வளவுக்கு வேலி அடைத்துப் படலையும் போட்டார்கள். அவர்கள் விருந்தோம்பாதவர்களா? வேலியில்லாத வளவிலே முதலில் நுழைவது விருந்தினன் அல்லன், தெருமாடு. மாடு மேய்ந்த முற்றத்தில் விருந்தினன் வந்து நின்றாலும் அவனைக் கவனிக்க நமக்கு நேரமிராது. நானூறு கடிதத்தின் கீழே ஒரு கடிதம் கிடந்தது என்றேனே, அதன் பொருள் இதுதான். வேண்டாதவரைத் தடுப்பது, வேண்டியவரை வரவேற்பதற்காகவே. அந்த நோக்கம் இல்லாத தடை வெறும் கதவடைப்பு.

ஆகையால் வாலிப நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியவனாகின்றேன். புளொக் செய்வது மிக எளிது. ஒரு விரல் போதும். எளிதான காரியம் பழக்கமாகிவிடும். விளம்பரக்காரரைத் தடுத்த விரல், புத்தி சொல்லும் மாமாவையும், கருத்து மாறுபட்ட சிநேகிதரையும், கடனை நினைவூட்டும் அண்ணரையும் தடுக்கத் துணியலாம். நமக்கு உவப்பில்லாத சொல் வேறு, நமக்குத் தேவையில்லாத சொல் வேறு. உவப்பில்லாதது பல சமயங்களில் மிகத் தேவையானதாக இருக்கும். மனிதர் நம்மைத் துன்புறுத்தினால், விசேஷமாகப் பெண் பிள்ளைகளை அச்சுறுத்தி எழுதினால், தயங்காது தடுக்க வேண்டும். எழுதியதை அழிக்காது வைத்து, பெரியவர்களிடம் காட்டவும் வேண்டும். மற்றைய இடங்களில், தடுக்குமுன் ஒரு பதில் எழுதிப் பார்ப்பது ஆண்மையும் மரியாதையுமாகும். மாதம் ஒரு முறை ஸ்பாம் பெட்டியையும் தடைப் பட்டியலையும் பார்வையிடுவதும் நன்று. சங்கக் கூட்டத்திற்கு வராமல், "அறிவித்தல் கிடைக்கவில்லையே" என்று சொல்கிறவர்கள் அங்கே காரியதரிசியைக் கண்டுபிடிக்கக்கூடும்.

கடைசியாக ஒன்று. நாமும் கடிதம் அனுப்புகிறவர்களே. நமது சங்கமும் அங்கத்தவர் அனைவருக்கும் அறிவித்தல்கள் அனுப்புகின்றது. நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் ஒழுங்கை நம்மிடத்திலும் எதிர்பார்ப்பது நீதி. சம்மதம் தந்தவருக்கே அனுப்புவோம். சொல்ல வேண்டியது இருக்கும்போது மட்டும் சுருக்கமாக அனுப்புவோம். "என் பெயரை நீக்கிவிடுங்கள்" என்று ஒருவர் கேட்டால், ஏன் என்று வழக்காடாது நீக்குவோம். எல்லாருடைய விலாசத்தையும் எல்லாரும் காணும்படி மேலே அடுக்காமல், 'பிசிசி' என்னும் மறைவான வரியில் இடுவோம். ஒருவர் நம்பித் தந்த விலாசத்தை மற்றவர் கையிற் கொடுக்க நமக்கு உரிமையில்லை. இவ் விதிகளைச் சங்கத்தின் நிர்வாக சபை தன் நடைமுறையாக ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று இன்று இச் சபையின் முன் பணிவுடன் வேண்டுகின்றேன்.

இன்று வீட்டுக்குப் போய் உறங்குமுன், பெட்டியைத் திறந்து ஐந்து பேரைப் பாருங்கள். ஒவ்வொருவரும் அழைத்தவரா, அழையாதவரா, வஞ்சகரா என்று கேட்டு, அவரவர்க்கு உரியதைச் செய்யுங்கள். நாளைக்கு இன்னும் ஐந்து பேர். ஒரு மாதத்தில் முற்றம் வெளித்துவிடும். அதன்பின் உங்களுக்கு உண்மையிலேயே எழுதியவர் யார் என்பது கண்ணுக்குத் தெரியும். அவருக்கு மறுமொழி எழுதவும் நேரம் இருக்கும்.